பட்டறை நாற்றம்

சின்ன வெங்காயம் போடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு அழுகல் நாற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் எங்கேயாவது லேசாக ஒரு கெட்ட வாடை வந்தால் போதும், மூக்கு தானாகவே வெங்காயப் பட்டறைப் பக்கம் திரும்பிவிடும். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற நாலுவழிச் சாலைக்கு மேற்கே, பள்ளத்தில் கிடக்கிற நொச்சிக்காட்டில் அன்று காலை சிந்தாமணியின் மூக்கும் அப்படித்தான் திரும்பியது.

அன்று விடிகிற நேரத்தில் மேலே சாலையில் ஒரு கேஸ் டேங்கர் லாரி நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்திருந்தது. அதன் வால்வு ஒன்று பிய்ந்து, உள்ளே இருந்த கேஸ் கசிந்துகொண்டிருந்தது. சிந்தாமணிக்கு அது தெரியாது. நமக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸையும் காரையும் வெகுதூரத்திலேயே நிறுத்தி, சிகரெட் பிடிக்காதே, இன்ஜினைப் போடாதே என்று மைக்கில் சொன்னார்கள். சாலையில் போனவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மட்டில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாலைக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. சாலையை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டியதிலிருந்து அப்படித்தான். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நொச்சிக்காட்டின் கூரைகள் மட்டும்தான் தெரியும்.

கசிந்தால் தெரியட்டும் என்று கேஸில் சேர்க்கிற மருந்து அழுகின வெங்காயம் போலத்தான் நாறுமாம். அந்த கேஸ் காற்றைவிடக் கனமாம். தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்துத்தான் போகுமாம். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலைக்கு அடியில் வைத்த மதகில் புகுந்து, ஓடை வழியாகவே இறங்கி, சிந்தாமணியின் புருஷன் அன்பழகனுடைய பட்டறைக்கு அடியில் வந்து தேங்கி நின்றிருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு ஆபீசர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

பட்டறை என்பது வெங்காயத்துக்குக் கட்டுகிற வீடு. கல் நட்டு, அதன்மேல் மூங்கிலைப் பரப்பி, சுற்றிலும் குச்சி வைத்து அடைத்துக் கூரை போட்டிருப்பார்கள். காற்று போவதற்கு அடியில் முழங்கால் உயரம் காலியாக விட்டிருக்கும். அன்பழகன் பட்டறையில் அந்த வருஷம் இருந்தது விதை வெங்காயம். பாதியை லப்பைக்குடிக்காட்டு வியாபாரி நைனா முகமது அன்று வந்து ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது. மீதி அவர்களே நடுவதற்கு. மழை விட்டதும் நடவு. விதை அழுகினால் அந்த வருஷமே போனது மாதிரிதான்.

"ஏங்க, மோந்து பாருங்க. அழுவிடுச்சு. தலைபாடா அடிச்சுக்கிட்டேன், படுதாவப் போட்டு மூடாதீங்க, மூடாதீங்கன்னு. கேட்டீங்களா?"

அன்பழகன் வாசலில் குந்தி, பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். "சாரல் தெறிக்குதுன்னுதான மூடுனேன். நனைய வுட்டுருந்தா மட்டும் மணந்துருக்குமா?"

"நனைஞ்சா காயும். புழுங்குனா அழுவும். இது ஊரு உலகத்துக்கே தெரியும்."

"ஆமா, இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான் வெங்காயத்தப் பாக்காதவன்." ஒரு வெங்காயத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். ஆனாலும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "சிலிண்டரா இருக்குமோ புள்ள? கேஸு வாடை மாதிரியும் அடிக்குது."

"அதையும் பாத்துட்டேன். மண்டி போட்டு மோந்துட்டு வந்தேன். மூடித்தான் இருக்கு. அடுப்புகிட்ட ஒரு நாத்தமும் இல்ல. கீழ பட்டறைகிட்ட போனாத்தான் கொடலப் பொரட்டுது."

வீடு மேட்டில் இருந்தது. பட்டறை தோட்டத்துச் சரிவில், ஓடை ஓரம். மேட்டில் இல்லாத நாற்றம் பள்ளத்தில் இருந்தால் அது பட்டறையைத் தவிர வேறென்னவாக இருக்கும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஓடையில் வெள்ளையாக ஏதோ படுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் பனி இருக்காதே என்று அன்பழகன் சொன்னானாம். மூன்று நாளாக வெயிலைப் பார்த்தோமா, பனிக்கு நேரம் ஏது என்றாளாம் சிந்தாமணி.

அன்பழகன் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நைனா முகமது.

"அன்பு, நான் நாலு ரோட்டுல மாட்டிக்கிட்டேம்ப்பா. முன்னாடி எங்கயோ டேங்கரு லாரி கவுந்து கெடக்குதாம். ஒரு வண்டியையும் வுட மாட்டேங்குறாங்க."

"மெதுவா வாங்க பாய். சரக்கு எங்க ஓடிப் போவுது?"

"காட்டுப் பாதையில சுத்திக்கிட்டு வந்துர்றேன் இன்ஷா அல்லா. மூட்டை புடிக்க ஆளு வேணாம், நம்ம பயலுவோ இருக்கானுவோ. சரக்கு நல்லாருக்குல்ல?"

"சரக்குக்கு என்னா பாய், தங்கமாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அன்பழகன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் போனை மடியில் செருகிக்கொண்டான்.

"தங்கமாட்டமா? பாயி மூக்கு பொல்லாத மூக்காச்சே. வண்டிய வுட்டு எறங்கறதுக்குள்ள கண்டுபுடிச்சிருவாரு."

டேங்கர் கவிழ்ந்த சேதி அதற்குள் ஊரில் பரவிவிட்டது. முன்பு ஒரு தடவை இதே வளைவில் பாமாயில் லாரி கவிழ்ந்து ஊரே குடத்தில் மொண்டு வந்தது. அந்த மாசம் பூராவும் நொச்சிக்காட்டில் வடை சுடாத வீடு இல்லை. அந்த ஆசையில் பக்கத்து வீட்டு ஜெயசித்ரா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மதகுப் பக்கம் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"என்னாடி, எண்ணெய் கெடைக்கலியா?" என்றாள் சிந்தாமணி.

"எங்கக்கா! மதகுல ஏறக்கூட இல்ல, மேலேருந்து ஒரு போலீசு கையக் கைய ஆட்டிக்கிட்டு விசிலு ஊதுறாரு. போ, போங்குறாரு. கொடத்தப் பாத்துட்டாரு, அள்ள வந்துட்டாளுவோன்னு தொரத்துறாரு."

"அவங்களே மொண்டுக்கிறதுக்கா இருக்கும்."

"அதான் நானும் நெனச்சேன்." ஜெயசித்ரா குடத்தை இறக்கி வைத்தாள். "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ஒங்க பட்டறை நாத்தம் மதகு வரைக்கும் அடிக்குது. அங்க இன்னும் சாஸ்தியா இருக்கு. எனக்குத் தலையே சுத்திருச்சு."

மதகுப் பக்கம் இன்னும் அதிகம் என்று அவள் சொன்னபோதாவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நாற்றம் எங்கே பிறந்ததோ அங்கேதானே அதிகமாக இருக்கும். ஆனால் சிந்தாமணிக்கு அந்தச் சொல்லில் முதல் பாதிதான் காதில் விழுந்தது. தன் வீட்டு அழுகல் சாலை வரைக்கும் போய்விட்டது என்கிற வெட்கத்தில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. போலீஸ்காரருக்குக்கூட அது அடித்திருக்கும் என்று நினைத்தாளாம்.

"புகை போடுங்க" என்றாள் புருஷனிடம்.

அழுகல் கண்ட பட்டறைக்கு அடியில் எருமுட்டையும் வேப்பந்தழையும் வைத்துப் புகை மூட்டுவது அன்பழகன் வீட்டு வழக்கம். அவன் அப்பா காலத்திலிருந்தே உண்டு. புகை ஈரத்தை இழுக்கும், புழுவை விரட்டும், நாற்றத்தையும் அமுக்கும். மற்றவர்கள் யாரும் செய்வதில்லை. இவர்கள் வெங்காயம் மட்டும் சித்திரை வரைக்கும் நிற்பதைப் பார்த்து ஊரே வயிறெரிந்தது உண்மை.

"மழ வுடட்டும் புள்ள. கூடையில அள்ளி ஒலத்திப்புடலாம். இப்ப எதுக்குப் புகை?"

"பாய் வந்து வாசல்ல நிக்கயில நாத்தமா அடிக்கணுமா? ஊரே மூக்கப் புடிச்சிக்கிட்டு நிக்குது. நீங்க போட்ட படுதாவாலதான வந்துச்சு? புகையப் போடுங்கன்னா போடுங்களேன்."

இதற்கு மேல் அவன் என்ன சொல்வான்? தப்புப் பண்ணியவன் என்று வீட்டிலேயே பேராகிவிட்டது. தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, உடைந்த சட்டியில் எருமுட்டையை அடுக்கி, மேலே தழையை வைத்து எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். சிந்தாமணியும் பின்னாலேயே போனாள். பட்டறைக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. அழுகல் முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினான். மழை ஈரத்தில் நமுத்துப்போயிருந்தது. குச்சியின் தலை தேய்ந்ததே தவிரப் பற்றவில்லை.

"பத்த மாட்டேங்குதுடி. வுட்டுறலாம்."

"இருங்க, அடுப்படியில புதுப் பொட்டி இருக்கு."

அவளே போய் எடுத்துவந்தாள். பரணில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்த காய்ந்த தீப்பெட்டி. அவன் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி போட்டு எடுத்தாரேன் என்று சொல்லித் திரும்பி மேடு ஏறினாள்.

வெடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று சிந்தாமணி சொல்கிறாள். ஜெயசித்ரா கேட்டதாகச் சொல்கிறாள். யாரோ பெரிய படுதாவை உதறியது மாதிரி ஒரு காற்று சிந்தாமணியின் முதுகில் அடித்து, அவளைக் குப்புறத் தள்ளியது. எழுந்து திரும்பிப் பார்த்தாள். பட்டறை எரிந்தது. ஓடை எரிந்தது. நெருப்பு ஓடைக்குள்ளேயே, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக, மேடு பார்த்துச் சாலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே மனிதர்கள் கத்தினார்கள்.

அன்பழகன் சரிவில் நடந்து வந்தான். ஓடிக்கூட வரவில்லை. அவன் மேல் துணி இல்லை. தலையில் போட்டிருந்த சாக்கு இல்லை, முடி இல்லை.

"ஏ புள்ள, தண்ணி குடு" என்றான்.

மேலே ஆம்புலன்ஸ் நின்றது. டேங்கரில் தீப்பிடித்து ஒரு தீயணைப்பு வீரருக்கும் கை வெந்துவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு அது போய்விட்டது. அன்பழகனை ஏற்றியது நைனா முகமதுவின் சரக்கு வண்டிதான். காட்டுப் பாதையில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். வெங்காயத்துக்காகக் கொண்டுவந்த காலிச் சாக்குகளை விரித்து, அதன்மேல் வாழையிலை போட்டு அவனைப் படுக்கவைத்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினதும் பாய் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

"டேங்கருன்னு சொன்னேனே, என்னா டேங்கருன்னு ஒருத்தன்ட்ட கேக்கல நானு. முன்னாடி நின்ன டிரைவருட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பான். யா அல்லா, வாய் இருந்தும் கேக்கலியே."

கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்த மகள் முத்தமிழ் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார். அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சிந்தாமணியும் கேட்கவில்லை. தீக்காய வார்டில் உள்ளே உட்கார விடமாட்டார்கள். இரண்டு பேரும் வெளி வராண்டாவில் பாயை விரித்து இருந்தார்கள். முத்தமிழ் கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வருவாள். சிந்தாமணி சட்னியில் வெங்காயம் கிடக்கிறதா என்று பார்த்து ஒதுக்கிவிட்டு வெறும் இட்லியைத் தின்பாள்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு ஒரு ஆபீசர் வந்தார். கூடவே டேங்கர் கம்பெனி ஆள் ஒருவர், மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில்.

"அந்த வாடை எப்பம்மா வந்துச்சு?" என்றார் ஆபீசர்.

"காலையிலயே வந்துருச்சுங்க. வாசத் தெளிக்கிறப்பவே."

"என்ன வாடைன்னு நெனச்சீங்க?"

"வெங்காயம்னு நெனச்சோம்ங்க."

"வேற எதுவும் தோணலையா?"

முத்தமிழ் அம்மாவின் கையை அழுத்தினாள். சிந்தாமணிக்கு அது என்னத்துக்கு என்று விளங்கவில்லை. "சிலிண்டரா இருக்குமோன்னு அவரு கேட்டாருங்க. நான் போயி மோந்து பாத்தேன். மூடித்தான் இருந்துச்சு."

"ஆக, கேஸுன்னு சந்தேகம் வந்திருக்கு."

"வந்துச்சுங்க. அப்புறம் இல்லன்னு ஆயிருச்சு."

"அதுக்கப்புறமும் நெருப்பு வச்சிருக்கீங்க."

"வெங்காயத்துக்குங்க. புகை போட்டா..."

"சார்," என்றார் கம்பெனி ஆள், குரலை உயர்த்தாமல். "போலீஸ் வார்ன் பண்ணியிருக்காங்க. விசில் ஊதி அந்த ஊர் லேடி ஒருத்தங்களத் திருப்பி அனுப்பியிருக்காங்க. அவங்க நேரா இவங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க."

"குடத்தோட வந்தாளேன்னு தொரத்துனது சார் அது!" முத்தமிழ் எழுந்துவிட்டாள். "கேஸுன்னு சொன்னாங்களா? ஒரு வார்த்தை, கேஸு லீக்காவுது, அடுப்பப் பத்த வைக்காதீங்கன்னு யாராச்சும் எறங்கி வந்து சொன்னாங்களா? ரோட்டுல போற காருக்கெல்லாம் சொன்னீங்கல்ல?"

"மைக்கில அனௌன்ஸ் பண்ணியிருக்கும்மா."

"மைக்கு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு சார்?"

ஆபீசர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். போகும்போது சிந்தாமணியிடம், சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் எழுதிக்கொண்டு போனதில் என்ன இருக்கும் என்று முத்தமிழுக்குத் தெரிந்துவிட்டது. தீ வைத்தது அன்பழகன். அன்றைக்கு டீக்கடை டிவியிலும் அதைத்தான் சொன்னார்கள், கிராமவாசி ஒருவர் தீ மூட்டியதால் விபத்து என்று. லாரி ஏன் கவிழ்ந்தது, அந்த வளைவில் அது எத்தனையாவது லாரி என்பதை யாரும் சொல்லவில்லை.

"நீ ஏம்மா எல்லாத்தயும் ஒப்பிச்ச?" என்றாள் முத்தமிழ்.

"நடந்ததத்தான சொன்னேன்."

"அதாம்மா கேக்குறேன்."

மாற்றுப் புடவை எடுக்க மறுநாள் சிந்தாமணி ஊருக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. நல்ல வெயில், நடவுக்கு ஏற்ற வெயில். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத் தட்டைகூட ஒரு பக்கம் கருகி நின்றது. மேலே சாலையில் லாரிகள் எப்போதும் போலப் போய்க்கொண்டிருந்தன. ஜெயசித்ரா அவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நான்தாங்க்கா சொன்னேன், ஒங்க பட்டறை நாத்தம்னு."

"நீ என்னாடி பண்ணுவ? இருந்ததச் சொன்ன."

சிந்தாமணி பட்டறைக்கு இறங்கிப் போனாள். கூரையும் குச்சியும் எரிந்து சாம்பலாகி வெங்காயத்தின்மேல் கிடந்தன. எப்படி அழுகியிருக்கிறது பார்க்கலாம் என்றுதான் குனிந்தாள். மேலே கிடந்தவை கரிந்திருந்தன. அவற்றை ஒதுக்கினாள். அடியில் இருந்தவற்றில் தோல் மட்டும் சூட்டில் பழுப்பேறியிருந்தது. இன்னும் அடியில் கையை விட்டாள், முழங்கை வரைக்கும், அப்புறம் தோள் வரைக்கும். ஒரு மூலையில் பார்த்தாள், அடுத்த மூலையில் பார்த்தாள். வழவழப்பு ஒன்றும் கையில் படவில்லை. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். கெட்டியாக, வெள்ளையாக இருந்தது; காரம் மூக்கில் ஏறியது. ஒரு வெங்காயம்கூட அழுகியிருக்கவில்லை. படுதாவுக்குக் கீழே நல்ல விதையாக அத்தனையும் அப்படியே இருந்திருக்கிறது.

அவள் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அன்பழகனுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை என்கிறாள் ஜெயசித்ரா.

அப்புறம் எழுந்து, அடியிலிருந்து நாலு வெங்காயத்தைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. படுதாவைச் சொல்லிச் சொல்லி அவனைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தோமே, அந்தக் குறையோடு அவன் படுத்துக் கிடக்கக் கூடாது. தப்பு உங்கள்மேல் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அவனுக்குக் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போனாள். கொசுவலைக்குள் முகமெல்லாம் மருந்தோடு கிடந்தான். கண் மட்டும் அவனுடையதாக இருந்தது.

"ஏங்க, கேக்குதா? பட்டறையப் பாத்துட்டு வந்தேன்."

"ரொம்ப அழுவிருச்சா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஒண்ணுகூட அழுவலங்க. கையவிட்டுத் தொளாவிப் பாத்துட்டேன். மேலாப்புலதான் கரிஞ்சிருக்கு. நீங்க போட்ட படுதா சரிதாங்க. ஈரமே எறங்கல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

அவன் உதடு அசைந்தது. சிரிக்கப் பார்த்தான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "நான் சொன்னேன்ல" என்றான். "அப்ப அந்த நாத்தம்?"

"அது மேல கவுந்த வண்டிங்க. அதுல கேஸு இருந்துருக்கு. ஓடையில எறங்கி வந்துருக்கு."

அன்பழகன் கொசுவலையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கண்ணை அவள் பக்கம் திருப்பினான். கோபம் ஒன்றும் இல்லை அதில். மண்வெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"அப்ப எதுக்கு புள்ள புகை போடச் சொன்ன?"

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.